பிராட்மேனுக்கு மீசை... மதிப்பு என்ன?

ஒரே ஒரு அட்டை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நீலப் பின்னணியில், தோளில் மட்டையைச் சாய்த்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார் மிக்கி மேன்ட்டில் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரர். 1952-ல் டாப்ஸ் என்கிற கம்பெனி சூயிங்கம்மோடு சேர்த்து விற்ற அட்டை அது. 2022 ஆகஸ்ட்டில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1 கோடியே 26 லட்சம் டாலர்! நம்ம ஊர்க் கணக்கில் அன்றைக்கு ஏறக்குறைய 100 கோடி ரூபாய். அதை விற்றவர் 1991-ல் வாங்கியபோது கொடுத்தது 50,000 டாலர்தான்.

தண்ணீர் குடித்தாயிற்றா? சரி, மேலே படியுங்கள்.

இந்தச் செய்தி அமெரிக்காவில் என்ன கலாட்டா பண்ணியதோ, திருப்போரூரில் ஒரு வீட்டில் பெரிய கலாட்டாவே பண்ணிவிட்டது. முருகப்பெருமான் அசுரர்களோடு ஆகாயத்தில் நின்று போர் புரிந்த தலம் திருப்போரூர் என்பது ஐதீகம். இந்த வீட்டுப் போரும் ஆகாயத்தில் இருக்கிற விலையைப் பற்றித்தான்!

மாடவீதிக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. பரணில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் மூன்று தலைமுறை அட்டைகள். தாத்தா பரங்கிமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல்காரர். துரை ஊதித் தள்ளிய சிகரெட் பாக்கெட்டுகளிலிருந்து அவர் பத்திரப்படுத்திய படங்கள் 62. பேரப்பிள்ளை ஒருவன் எண்பதுகளின் கடைசியில் பபுள்கம் மென்று மென்று சேர்த்த கிரிக்கெட் அட்டைகள் 200-க்கு மேல். கொள்ளுப்பேரன் தொண்ணூறுகளில் ஆடித் தீர்த்த மல்யுத்த 'ட்ரம்ப் கார்டு' ஒரு கட்டு, அதிலும் மூன்று சீட்டு மிஸ்ஸிங்.

"சிறுசேரி கம்பெனியில வேலை பார்க்கிற என் பையன்தான் சார் செல்போன்ல அந்த நூறு கோடி நியூஸைக் காட்டினான். அன்னிக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை. மறுநாள் கேளம்பாக்கத்திலேர்ந்து என் தங்கச்சி வந்துட்டா. 'அண்ணே, தாத்தா சொத்துல எனக்கும் பங்கு உண்டு'ன்னு ஆரம்பிச்சா. ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லை" என்கிறார் உப்பளத்து ஆபீஸில் ரிட்டையரான பெரியவர். "பேரு கீரு போட்றாதீங்க சார்... தெருவே சிரிக்கும்!"

நடுவில் பட்டணத்திலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி வேறு வந்து, "மொத்தமா ரெண்டாயிரம் தர்றேன், டப்பாவோட குடுத்துடுங்க" என்றிருக்கிறார். நூறு கோடி எங்கே, ரெண்டாயிரம் எங்கே! உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே ஒளிந்திருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தோம். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். கணக்குப் போடும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஜாதகம்!

அட்டையைத் திருப்புங்கள். முன்பக்கம் முகம் என்றால் பின்பக்கம்தான் ஜாதகம். கம்பெனி பெயர், வரிசையின் பெயர், வரிசை எண், மொத்தம் எத்தனை அட்டை... எல்லாம் அங்கேதான் இருக்கும்.

சிகரெட் பாக்கெட்டில் படம் எதற்கு வந்தது தெரியுமா? அந்தக் காலத்துப் பாக்கெட் வெறும் காகிதம். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை சொருகினார்கள். சும்மா எதற்குச் சொருகுவானேன் என்று படம் போட்டார்கள். இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனி 1896-லேயே கிரிக்கெட் வீரர்கள் வரிசை வெளியிட்டுவிட்டது. நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் எல்லோருக்கும் தெரிந்த 'சிசர்ஸ்' இருக்கிறதே, அந்தப் பெயரிலும் குத்துச்சண்டை வீரர்கள் அட்டை வந்தது. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் இங்கிலாந்தில் இந்த வழக்கம் நின்றுபோயிற்று.

தாத்தாவின் 62-ல் பெரும்பாலானவை ஜான் பிளேயர் கம்பெனியின் 1934, 1938 கிரிக்கெட் வரிசைகள். வரிசைக்கு 50 அட்டை. 1934 வரிசையில் பட்டோடி நவாப் இருக்கிறார். 'டைகர்' பட்டோடியின் அப்பா! இங்கிலாந்துக்கும் ஆடி, பிறகு 1946-ல் இந்தியாவுக்குக் கேப்டனாகவும் இருந்தவர். 1938 வரிசையின் நாயகன் டான் பிராட்மேன். டப்பாவில் இரண்டு பேருமே இருந்தார்கள். பெரியவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு!

ஜாதகம் பார்க்கும்போதே போலியையும் பார்த்துவிட வேண்டும். புகழ்பெற்ற பழைய வரிசைகளைப் பிற்காலத்தில் மறுஅச்சு போட்டு விற்றிருக்கிறார்கள். நேர்மையான மறுஅச்சு என்றால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சொல்லியிருக்கும். நேர்மையில்லாதது சொல்லாது. தொண்ணூறு வயது அட்டை இன்றைக்கு அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

பழசு வேறு, அரிது வேறு

'பழசுன்னா விலை உண்டு' என்பதுதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். பழசாக இருந்தால் மட்டும் போதாது, அரிதாகவும் இருக்க வேண்டும். அதுவும் போதாது, அதைத் தேடுகிற ஆளும் இருக்க வேண்டும்.

ஹோனஸ் வாக்னர் என்று இன்னொரு பேஸ்பால் வீரர். 1909-ல் தொடங்கிய ஒரு சிகரெட் வரிசையில் இவருடைய அட்டை கொஞ்ச நாளிலேயே நிறுத்தப்பட்டது. பையன்கள் படத்துக்காகச் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கதை, தனக்குக் காசு தரவில்லை என்ற கோபம் என்று இன்னொரு கதை. எதுவாக இருந்தாலும், இன்று உலகத்தில் அறுபது அட்டை வரைதான் தேறும். அதில் ஒன்று 2022-ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

மேன்ட்டில் கதை இதைவிட வேடிக்கை. 1952-ல் அந்த வரிசையின் பிற்பகுதி சரியாக விற்கவில்லை. கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்த பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள்! மீன்கள் பேஸ்பால் பார்த்தன. மிஞ்சியது அரிதாகிவிட்டது.

எதிர்க்கதையும் உண்டு. அட்டைக்கு விலை ஏறுகிறது என்று தெரிந்ததும், எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அமெரிக்கக் கம்பெனிகள் மூட்டை மூட்டையாக அச்சடித்தன. மக்களும் 'பையன் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்' என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தினால் எது அரிது? இன்றைக்கும் அந்தச் சரக்கில் பெரும்பாலானது பழைய பேப்பர் விலைக்குத்தான் போட்டி!

தாத்தாவின் பிளேயர்ஸ் அட்டைகளும் ஏராளமாக அச்சானவை. இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பையன்கள் ஆல்பத்தில் ஒட்டிச் சேர்த்தார்கள். அதனால் பிராட்மேனே ஆனாலும், சாதாரண நிலையில் இருப்பது சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற அட்டைதான். பல்பு நாற்பது வாட்ஸுக்கு இறங்கியது.

பபுள்கம் அட்டை விஷயம் கொஞ்சம் வேறு. 'பிக் ஃபன்' ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் போட்டிருக்கும் ரன்னையும் விக்கெட்டையும் கூட்டிக் கூட்டிப் பரிசு வாங்கினோமே! அப்படி மாற்றியும், தெருவில் தோற்றும், அம்மா குப்பையில் போட்டும் அழிந்தவைதான் அதிகம். ஆக, மிஞ்சியவை குறைவு. ஆனால் தேடுகிறவர்கள் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய நம்ம ஊர் ஆசாமிகள் மட்டுமே. உலகச் சந்தை கிடையாது. அரிது, ஆனால் வாடிக்கையாளரும் அரிது!

மூலைக்கு மூலை மார்க்

அடுத்தது உடல்நிலை. அமெரிக்காவில் அட்டைக்கு மார்க் போடுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. பி.எஸ்.ஏ. 1991-ல் தொடங்கியது. இன்னும் எஸ்.ஜி.சி., பெக்கெட் என்று சில. ஒன்றிலிருந்து பத்து வரை மார்க். நாலு விஷயம் பார்ப்பார்கள். படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, மேற்பரப்பில் கீறல், கறை உண்டா. பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்!

அரை மார்க்குக்கு என்ன மரியாதை தெரியுமா? அதே 1952 மேன்ட்டில், 9 மார்க் வாங்கிய ஒரு அட்டை 2021-ல் 52 லட்சம் டாலர். 100 கோடிக்குப் போனது 9.5! காலமும் வேறு, மார்க் போட்ட கம்பெனியும் வேறுதான்... இருந்தாலும் தலை சுற்றுகிறதா இல்லையா?

இப்போது நம்ம பிராட்மேனைப் பாருங்கள். ஒரு மூலை மடங்கியிருக்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூக்குக்குக் கீழே நீல பால்பாயின்ட் பேனாவில் அடர்த்தியாக ஒரு மீசை!

"என் தம்பி வேலை சார்" என்கிறார் பெரியவர். "எண்பத்து மூணுல கபில்தேவ் வேர்ல்டு கப் ஜெயிச்சார் இல்லையா... அப்போ அவனுக்கு ஒன்பது வயசு. கிரிக்கெட் பிளேயர்னா கபில் மாதிரி மீசை இருக்கணும்னு இவருக்கு வரைஞ்சுட்டான். அப்பா கிட்ட வாங்கின அடி இருக்கே!" அந்த பபுள்கம் அட்டைகளும் தம்பி சேர்த்தவைதான். தம்பி இப்போது இல்லை.

தங்கச்சி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உப்புக் காற்றும் ஈரப்பதமும் அட்டைக்கு எமன். 1930-களில் பின்பக்கம் பசை தடவிய அட்டைகளும் வந்தன, நனைத்து ஆல்பத்தில் ஒட்ட வசதியாக. ஈரக் காற்று பட்டால் அவை தாமாகவே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிய்க்காதீர்கள், போச்சு! ரப்பர் பேண்டு, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் கூடவே கூடாது. தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள்.

கேட்ட விலையா, விற்ற விலையா?

ஓ.எம்.ஆர். பக்கம் மனை விற்கிறவர்களைக் கேளுங்கள். ஆளாளுக்கு ஒரு விலை சொல்வார்கள். பத்திரம் பதிகிற அன்றைக்குக் கைக்கு வருகிற பணம்தான் நிஜம். அட்டையும் அப்படியே. இணையத்தில் எவரோ 'பிராட்மேன் அட்டை, 5 லட்சம்' என்று போட்டிருந்தால் அது அவருடைய ஆசை. ஏல நிறுவனங்களும் விற்பனைத் தளங்களும் முடிந்த விற்பனைகளைத் தனியாகக் காட்டும். அதே வரிசை, அதே எண், ஏறக்குறைய அதே நிலையில் உள்ள அட்டை சமீபத்தில் நாலைந்து தடவை என்ன விலைக்கு விற்றது என்று பார்த்து, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை எகிறிய விலையை நம்பாதீர்கள்.

பிறகு கழித்தல் கணக்கு. சும்மா ஒரு உதாரணத்துக்கு, 3,000 ரூபாய் பெறும் என்று நினைக்கிற ஒரு அட்டை. வெளிநாட்டுக்கு அனுப்பி மார்க் வாங்கி வரக் கட்டணமும் கூரியரும் சேர்ந்து 4,000 ஆனால்? விற்கிறவர் கமிஷன் வேறு. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பாட்டி சொன்னது இதைத்தான்!

இன்னொன்று. 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ஆம் வருஷச் சட்டப்படி கட்டுப்பாடு இருக்கிறது. உங்களிடம் இருப்பது 1896 வில்ஸ் மாதிரி நூறு தாண்டியது என்றால், தொல்லியல் துறையில் விசாரித்துவிட்டு அனுப்புங்கள். உள்ளூரில் விற்பதானால் சென்னையில் ஸ்டாம்ப், நாணயக் கண்காட்சி நடக்கும்போது எடுத்துப்போய் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். முதலில் கேட்டவரிடமே கொடுத்துவிடாதீர்கள். 'டப்பாவோட குடுத்துடுங்க' என்பவரிடம் மட்டும் ஜாக்கிரதை. அவர் குறிவைத்திருப்பது டப்பாவுக்குள் ஏதோ ஒரு அட்டையை!

கடைசியில் டப்பாவின் கணக்கு என்ன? பிளேயர்ஸ் அட்டைகளில் தேறியவற்றை எடுத்து, பபுள்கம் அட்டைகளுக்குக் கிடைத்தால் கிடைக்கும் என்று ஒரு தொகை வைத்துக் கூட்டினால், வியாபாரி சொன்ன ரெண்டாயிரத்தைவிட நிச்சயம் அதிகம். ஆனால் ஓட்டு வீட்டுக்குத் தளம் போடும் கனவுக்கு முதல் லோடு செங்கல்கூட வராது. அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதுக்காடி ரெண்டு மாசம் பேசாம இருந்தோம்?" என்றார் அண்ணன். பிளேயர்ஸ் அட்டைகளை நிதானமாக விற்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மீசை வைத்த பிராட்மேன் மட்டும் விற்பனைக்கு இல்லை. அவர் தங்கச்சியோடு கேளம்பாக்கம் போய்விட்டார்.

திருப்போரூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 2024 டிசம்பரில் கந்தசாமி கோயில் உண்டியலைத் திறந்தபோது உள்ளே ஒரு ஐபோன் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காணிக்கை போடும்போது தவறி விழுந்தது என்று பக்தர் கேட்க, 'உண்டியலில் விழுந்தால் சாமிக்குத்தான். வேண்டுமானால் உள்ளே இருக்கிற பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றது கோயில் நிர்வாகம். போனுக்குக் கடையில் விலை உண்டு. உள்ளே இருக்கிற போட்டோக்களுக்கு எந்தக் கடையில் விலை கேட்பது?

ஆகவே... ஏணியைப் போட்டுப் பரணில் ஏறுங்கள். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு டப்பாவைத் திறங்கள். வரிசை, எண், நிலை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். விற்ற விலையை விசாரியுங்கள். அப்படியே, எந்த அட்டையிலாவது பேனா மீசை இருந்தால், வரைந்தது யார் என்று வீட்டில் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்!