யானையும் சேனையும்

யானை காட்டுக்குரியது, விளைநிலம் கமக்காரனுக்குரியது என்ற பிரிவினையின் மீதே உலர்வலய வனவிலங்குக் கொள்கை நெடுங்காலம் இயங்கியது. யானைகளைச் சரணாலயங்களுக்குள் துரத்தி மின்வேலியால் அடைத்துவிடலாம் என்பது அதன் எதிர்பார்ப்பு. 2021இல் வெளியான நாடளாவிய ஆய்வு வேறொரு நிலையைக் காட்டிற்று: இலங்கையின் ஏறத்தாழ 60 வீதப் பரப்பில் யானைகள் நடமாடுகின்றன, அப்பரப்பின் ஏறத்தாழ 70 வீதத்தில் மக்களும் வாழ்கின்றனர்.

சேனைப் பயிர்ச்செய்கை காட்டை அழிக்கும் பின்தங்கிய முறை என்றே நாம் படித்திருக்கிறோம். ஆயின் பெரும்போக மழையோடு விதைக்கப்படும் சேனை, அறுவடையின் பின் தரிசாகக் கிடக்கும். அங்கு தழைக்கும் புல்லும் பற்றையும், காட்டில் இரை அருகும் வறட்சிக் காலத்தில் யானைக்கு உணவாகும். ஒரே நிலம் மாரியில் மனிதனுக்கும் கோடையில் யானைக்கும் பயன்பட்டது. கழுத்துப்பட்டி பூட்டிச் செய்மதி மூலம் யானைகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர் கண்டறிந்த இவ்வொழுங்கைச் சேனைக் கமக்காரர் முன்னரே அறிந்திருப்பர். இருபோகமும் விளையும் நீர்ப்பாசனக் குடியேற்றங்கள் பரவிய இடங்களில் அது குலைந்தது.

இவ்வொழுங்கை வயலுக்குப் பொருத்திப் பார்த்ததன் பேறே பருவகால மின்வேலி. காட்டு எல்லையில் நிற்கும் நிரந்தர வேலியின் இருபுறமும் யானைகள் இருப்பதுண்டு. பழுதுற்றால் திணைக்களத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். வயலைச் சுற்றிய வேலியையோ கமக்காரரே விதைப்பின்போது அமைத்து, தாமே பராமரித்து, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகின்றனர். அதன்பின் அரிதாளை யானைகள் மேயலாம். கம்பிக்கும் மின்னூட்டிக்குமான முதற்செலவைச் சிறு கமக்காரர் தனித்துத் தாங்குதல் அரிது. காட்டோர வேலிகளுக்குச் செல்லும் அரச நிதியில் ஒரு பங்கு இவ்வயல்களுக்கு வரவேண்டும்.