பழுதுற்ற கருவியும் பயின்ற கணக்கும்

வடநாட்டில் குடியேறியுள்ள நம் குடும்பங்களுள் பல, யமுனை நீரையோ கங்கை நீரையோ பருகி வாழ்கின்றன. கோடையிலும் அவ்வாறுகளில் நீர் ஓடுவதற்கு இமயத்துப் பனி ஒரு காரணம். ஆகவே, அம்மலைமீது பனி எவ்வளவு பரப்பிற் படிந்துள்ளது என்பது நம் இல்லத்துக் குடத்தோடு தொடர்புடைய செய்தியாகும்.

இதனை வானிலிருந்து அளக்கும் பொருட்டு, அமெரிக்க நாட்டின் நாசா நிறுவனம் மோடிஸ் என்னும் கருவியை இரு செயற்கைக் கோள்களில் அமைத்தது. டெர்ரா 1999 டிசம்பரிலும், அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டன. மோடிஸ் ஒளியை 36 அலைவரிசைகளாகப் பகுத்து அளப்பது.

மேலிருந்து நோக்குங்கால் பனியும் வெண்மை, மேகமும் வெண்மை. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? கண்ணுக்குப் புலனாகாத 1.6 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளியைப் பனி பெரும்பாலும் உறிஞ்சிவிடும். நீர்த்துளி மேகமோ அதனைத் திருப்பி அனுப்பும். அவ்வொளியை அளப்பது ஆறாம் வரிசை. அக்வாவிலோ அவ்வரிசைக்குரிய 20 உணரிகளுள் 15 பயன்படாமற் போயின. படமெங்கும் கோடு கோடாக வெற்றிடம். 705 கிலோமீட்டர் உயரத்திற்குக் கம்மியர் எவர் ஏறிச் செல்வார்? நெடுங்காலம் ஏழாம் வரிசையைக் கொண்டே அக்வாவின் பனிக்கணக்கை ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

செல்லரித்த பேரேட்டில் ஓர் இலக்கம் மறைந்துவிட்டால், அனுபவமிக்க கணக்கப்பிள்ளை அடுத்த பத்திகளைப் பார்த்து அதனைக் கணித்துவிடுவார் அன்றோ? இங்கும் அதுவே வழி. பழுதற்ற 5 உணரிகள் கண்ட இடங்களில் ஆறாம் வரிசையின் அளவும் உண்டு, பிற வரிசைகளின் அளவும் உண்டு. இவற்றிடையே உள்ள உறவைக் கணிப்பொறி பயின்றுகொள்கிறது. பின்னர், வெற்றிடங்களில் பிற வரிசைகளைக் கொண்டு ஆறாவதை ஊகித்து நிரப்புகிறது. இயந்திரக் கற்றலின் எளிய வடிவம் இது. நியூயார்க் நகரக் கல்லூரியைச் சார்ந்த இரினா கிளாட்கோவா முதலியோர் 2012இல் இத்தகைய முறையொன்றை வெளியிட்டனர்.

ஊகத்தை நம்புவது எப்படி எனலாம். டெர்ராவின் ஆறாம் வரிசை நலமாக இருந்தது. அதன் படத்தில் அதே கோடுகளை வேண்டுமென்றே மறைத்து, கணிப்பொறியை நிரப்பச் செய்து, மறைத்து வைத்த மெய்யளவோடு ஒப்பு நோக்கினர். தேர்வில் தேறிய பின்னரே, மோடிஸ் தரவுகளின் 6ஆம் பதிப்பில் அக்வாவின் பனிக்கணக்கு இம்முறைக்கு மாறியது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நிரப்பிய இலக்கம் கண்ட இலக்கம் அன்று. கணிப்பொறி முன்பு பயிலாத நிலப்பரப்பில் அது பிழைபடவும் கூடும். எது கண்டது, எது கணித்தது என்று ஏட்டிலேயே குறித்து வைப்பதுதான் நேர்மையான கணக்கு. ஆற்றுநீரை நம்பி வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கு அக்குறிப்பு இன்றியமையாதது.