புதிய கடல் மீன் இரையெடுக்கவில்லையா? முதலில் நீரைச் சோதியுங்கள்

கொச்சி: தொட்டிக்குப் புதிதாக வந்த கடல் அலங்கார மீன் உண்ண மறுத்தால், பலரும் தீவனத்தை மாற்றிப் பார்க்கின்றனர். பெரும்பாலும் கோளாறு நீரில்தான் இருக்கும்.

மட்டாஞ்சேரி போன்ற காயலோரப் பகுதிகளில் இதற்குத் தனிக் கவனம் தேவை. கோடையில் கடல்நீரை நெருங்கும் உப்புத்தன்மை கொண்ட கொச்சிக் காயல், தென்மேற்குப் பருவமழையில் ஆற்றுநீர் கலந்து ஏறத்தாழ நன்னீராகிவிடும். கடல் மீனுக்கோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு வேண்டும்.

மீன் வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நெடும்பயணத்தில் பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுவதால் அதன் நச்சுத்தன்மை கூடும். ஆகவே இப்பணியை மணிக்கணக்கில் நீட்டிக்கலாகாது. பை நீரைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

முதல் நாள் விளக்கை அணைத்துவிடலாம். மறுநாள் உயிருள்ள ஆர்ட்டீமியாவைச் சிறிதளவு இடலாம்; அசையும் இரை மீனை ஈர்க்கும். எஞ்சியதை உடனே அகற்ற வேண்டும்.

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், விழிஞ்ஞம், மண்டபம் மையங்களில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்துள்ளது. பொரிப்பக மீன்கள் குருணைத் தீவனத்துக்கு எளிதில் பழகும். கடலில் பிடித்தவை அவ்வாறல்ல. எதுவாயினும், மீன் இரையெடுப்பதைக் கடையிலேயே காட்டச் சொல்லி வாங்குவது நலம்.