முயலுக்குப் பதில் கம்ப்யூட்டர்!

புதிய ஷாம்பு கடைக்கு வருமுன், அது தோலில் எரிச்சலை உண்டாக்குமா என்று சோதித்தாக வேண்டும். இதற்கு நீண்ட காலம் முயல்களைத்தான் பயன்படுத்தினார்கள். முயலின் முதுகில் முடியை மழித்து, அரை மில்லி லிட்டர் அளவுக்கு அந்தப் பொருளை வைத்துக் கட்டுவார்கள். தோல் சிவப்பதையும் வீங்குவதையும் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்காவின் ஜான் டிரெய்ஸ் குழுவினர் 1944-ல் வெளியிட்ட முறை இது. இந்த வேலையில் ஒரு பகுதியை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மூன்றே எழுத்து

வேதிப்பொருளைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க 'ஸ்மைல்ஸ்' என்றொரு எழுத்து முறை உள்ளது. எத்தில் ஆல்கஹாலில் இருப்பவை இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன், சில ஹைட்ரஜன். இதற்கு சி, சி, ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்தால் போதும். ஹைட்ரஜனை புரோகிராமே சேர்த்துக் கொள்ளும்.

ஐரோப்பிய கமிஷனின் கூட்டு ஆராய்ச்சி மையத்துக்காக உருவாக்கப்பட்ட 'டாக்ஸ்ட்ரீ' என்ற இலவச புரோகிராம் இந்த எழுத்துகளைப் படிக்கும். பொருளின் எடை, உருகுநிலை, கொழுப்பில் கரையும் தன்மை, எரிச்சல் தரும் அமைப்பு ஏதும் உண்டா என ஒவ்வொன்றாகக் கேட்டு, 'எரிச்சல் தரும்', 'தராது' என்று பிரிக்கும். எந்த விதியும் பொருந்தாவிட்டால் 'தெரியாது' என்றே சொல்லிவிடும். சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தத் 'தெரியாது'தான். தவறாக வரும் ஒரு 'தராது' யாரோ ஒரு குழந்தையின் தோலில் அல்லவா போய் முடியும்!

அப்படியானால் முயலே வேண்டாமா?

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த விதிகள், முன்பு விலங்குகளில் நடந்த சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி எழுதப்பட்டவை. பழைய பொருள்களை ஒத்திராத புதிய பொருளுக்கு இவற்றை நம்ப முடியாது. மேலும் ஷாம்பு என்பது பல பொருள்களின் கலவை. எனவே கம்ப்யூட்டர் முதல் சல்லடை மட்டுமே.

அடுத்த கட்டம் பரிசோதனைக் கூடத்தில் வளர்த்த மனிதத் தோல். மனிதத் தோல் செல்களைத் தட்டில் அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். பொருளை அதன் மேல் தடவி, கழுவி, சுமார் 42 மணி நேரம் விட்டு, மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றும். நிறத்தைக் கருவி அளக்கிறது. பிழைத்த செல்கள் 50 சதவீதமோ அதற்கும் குறைவோ என்றால் எரிச்சல் தரும் பொருள் என்று முடிவு. ஓஈசிடி அமைப்பு 2010-ல் இந்த முறையை ஏற்றது. அழகு சாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடை செய்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஜாவா இருந்தால் டாக்ஸ்ட்ரீயை நிறுவி, அந்த மூன்று எழுத்துகளை டைப் செய்து பாருங்கள். விடையோடு நின்றுவிடாமல், எந்தெந்தக் கேள்விகள் வழியாக அந்த விடை வந்தது என்பதையும் படியுங்கள். ஆனால் எதைத் தோலில் தடவலாம் என்று அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்!