மறைந்த விதை

தில்லியில் வாழும் தமிழர்களாகிய நாம் ஆண்டுதோறும் ஜனவரி 26ஆம் நாள் குடியரசுத் தலைவரின் மெய்காப்புக் குதிரைப்படையைக் காண்கிறோம். 1773ஆம் ஆண்டில் காசியில் தோன்றிய படை அது. மனிதரைச் சுமக்கும் குதிரை அடங்கி நடத்தல் வேண்டும். ஆண் குதிரைகளுக்கு இளமையிலேயே காயடிக்கும் வழக்கம் இதன்பொருட்டே எழுந்தது.

ஆயின், சில குட்டிகளுக்குப் பிறப்பை ஒட்டி இறங்கவேண்டிய விதை, வயிற்றினுள்ளோ கவட்டிலோ தங்கிவிடுகிறது. உடல் வெப்பத்தால் அதில் உயிரணு விளைவதில்லை. எனினும் ஆண்மைச் சுரப்பு நிற்பதில்லை. வெளியே தெரியும் விதையை மட்டும் நீக்கிவிட்டால், காயடித்த குதிரையென நம்பி வாங்கியவர் ஏமாறுவார். தில்லித் திருமண ஊர்வலத்தில் மணமகனைச் சுமந்து வரும் பெண் குதிரையைக் கண்டதும் அது திமிறக்கூடும். ஏறியிருப்பவரின் உயிருக்கே கேடு நேரலாம்.

ஐயம் எழுந்தால், இரத்தத்தில் அச்சுரப்பை அளந்து உண்மையை அறியலாம். பின்னர் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துக் கவட்டின் வழியே விதையை எடுக்கிறார். இக்காலத்தில் விலாப்புறத்தை மரக்கச்செய்து, சிறு துளைகளிட்டு, உள்நோக்குக் கருவியின் உதவியால், குதிரை நின்ற நிலையிலேயே எடுப்பதும் உண்டு. இக்குறை வழிவழி வரக்கூடுமாதலின், அத்தகைய குதிரையை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது.

குதிரை முரண்டு பிடித்தால், சாட்டையை எடுக்குமுன் மருத்துவரை அழைப்போமாக.