ஸ்டியரிங் ஆடினால் முதலில் எதைத் தொடுவது?

நேர்ச் சாலையிலும் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் உடனே ஓடுவது வீல் அலைன்மெண்டுக்கு. அது வீண்செலவு. தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு சரிசெய்த கோணம் நிலைக்காது. முதலில் ஆட்டம் எங்கே என்று பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1988 மாடலாக வந்த செவ்ரோலே சி1500 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து பிட்மன் ஆர்ம், எதிர்ப்பக்கத்தில் ஐட்லர் ஆர்ம், இரண்டையும் சேர்க்கும் சென்டர் லிங்க், அங்கிருந்து சக்கரங்களுக்கு டை ராடுகள். ஒவ்வொரு மூட்டிலும் துளி தேய்ந்தாலும் எல்லாம் கூடி ஸ்டியரிங்கில் பெரிய ஆட்டமாக வந்து சேரும்.

இதைப் பார்க்க வண்டியை ஜாக்கியில் தூக்கக் கூடாது. டயர் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். அந்தப் பாரம்தான் தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக இங்கும் அங்கும் ஆட்டட்டும். நீங்கள் மூட்டின் இரு பாகங்களும் சேருமிடத்தில் விரலை வையுங்கள், இடுக்கில் நுழைத்துவிடாமல். நல்ல மூட்டில் இரண்டும் ஒன்றாகவே அசையும். தேய்ந்ததில் ஒன்று நகர்ந்த பிறகே மற்றது கிளம்பும். விரலில் சின்னதாக ஒரு தட்டல் தெரியும். ஐட்லர் ஆர்ம் பக்கவாட்டில் போகாமல் மேலும் கீழும் துள்ளினால் அதை மாற்றத்தான் வேண்டும்.

சஸ்பென்ஷன் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டுக்குக் கணக்கு தலைகீழ். இந்த வண்டியில் காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது கீழ் ஆர்ம் மேல். சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்தால் ஸ்பிரிங் ஆர்மை அழுத்தி, மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்மானம் ஒளிந்துகொள்ளும். ஜாக்கி கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சேஸிஸுக்கு ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்.

டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பதையும் விடாதீர்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் உறுத்தினால் டோ கோணம், அதாவது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு, கலைந்திருக்கிறது.

ஸ்டியரிங் பாக்ஸ் கடைசியில்தான். பலர் எடுத்தவுடன் அதன் மேலுள்ள அட்ஜஸ்ட் ஸ்குருவை இறுக்கிவிடுகிறார்கள். ஆட்டம் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் வளைவு முடிந்ததும் தானாக நேராக வேண்டிய ஸ்டியரிங், நடுவில் வந்து முரண்டு பிடிக்கும்.