உட்கார்ந்து செய்கிற வேலை
(எல்லைப்புறத்து ஜீவனம் – 14)

கள் இறக்க ஏறிய தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த எருத்தேன்பதிக்காரரை, சென்ற இதழில் அவர் வீட்டுத் திண்ணையில் விட்டு வந்தோம். அவர் எப்படி விழுந்தார், யார் தூக்கினார்கள் என்பதெல்லாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாதவர்கள் பழைய இதழைத் தேடிக் கொள்ளட்டும். இந்த வாரம் ஊனச் சான்றிதழின் சதவீதக் கணக்கை விஸ்தாரமாக ஆராய்வதென்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றும் உத்தேசத்துடன்தான் எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் மனிதனின் கையைச் சீர்செய்கிற ரணசிகிச்சையை, வயிற்றையும் மார்பையும் திறக்கிற சிகிச்சைகளைப்போல் நின்றுகொண்டு செய்யாமல், வைத்தியர் உட்கார்ந்துகொண்டு செய்வதே வழக்கம் என்கிற ஒரு சின்னஞ்சிறு சங்கதி கண்ணில் பட்டுவிட்டது. அது வேறெதையும் எழுத விடமாட்டேன் என்கிறது. சதவீதம் காத்திருக்கட்டும், எத்தனையோ பேரைக் காக்க வைத்த கணக்குத்தானே அது.

அதற்கு முன் அவர் ஊரான எருத்தேன்பதி இருக்கிற பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலக்காட்டு ஜில்லாவின் சித்தூர்ப் பக்கத்துத் தென்னைகள் தம் ஊர்க் கடைகளுக்கு மட்டுமின்றிக் கேரளத்தின் பல ஜில்லாக்களுக்கும் கள் அனுப்புகின்றவை. எல்லைக் கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், 1987 முதல் கள் இறக்குவது குற்றம். மேற்கே அதே தொழிலுக்கு 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒரு க்ஷேமநிதியே உண்டு. லாட்டரிச் சீட்டும் அப்படித்தான். 1967-இல் நிதியமைச்சர் பி.கே. குஞ்சுவின் யோசனையில் உருவாகி, ஒரு ரூபாய்ச் சீட்டும் 50,000 ரூபாய் முதல் பரிசுமாக 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல் கண்ட அந்த வியாபாரம் கேரள சர்க்காரின் சொந்த வியாபாரம்; தமிழ்நாட்டிலோ 2003-இல் தடை செய்யப்பட்டது. ஆகவே கோபாலபுரம், வேலந்தாவளம் சோதனைச் சாவடிகளின் மேற்குப் பக்கத்தில் கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் சீட்டு வாங்க வந்து குவிகிறார்கள். நம்முடைய மனிதர் கிழக்கே விலக்கப்பட்ட ஒரு தொழிலைச் செய்து கீழே விழுந்தார். விழுந்து எழுந்த பிறகு, கிழக்கே விலக்கப்பட்ட இன்னொன்றை விற்கும்படி ஊரே அவருக்கு யோசனை சொல்லிற்று. பஞ்சாயத்து மெம்பர், மைத்துனர், பால் சொசைட்டிக்காரர், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் என யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான். கால் நடக்காதவனுக்கு லாட்டரி என்பது இந்தப் பிரதேசத்தில் யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிற வாக்கியம்.

அவரும் விற்றுப் பார்த்தார். ஏன் விட்டுவிட்டார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் பேசும்போது இடையிடையே செய்கிற ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, பேச்சை நிறுத்தாமலே, இரண்டு உள்ளங்கைகளையும் சக்கர நாற்காலியின் கைப்பிடிகளில் ஊன்றுகிறார், முழங்கைகள் நிமிர்கின்றன, மரமேறிப் பழகிய தோள்கள் புடைக்கின்றன, இடுப்பு இருக்கையை விட்டு எழும்பிச் சற்று நேரம் அந்தரத்தில் நிற்கிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. நாமெல்லாரும் இதை அறியாமலே நாளெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம். எலும்புக்கும் பலகைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் தடைப்பட்டதும் உடம்பு நோகிறது, நோவதால் புரண்டு உட்காருகிறோம். தண்டுவடம் அறுந்தவருக்கு அந்த நோவு மேலே வந்து சேர்வதில்லை. இருக்கையில் அசையாமல் கழிந்த ஒரு பிற்பகல் போதும், படுக்கைப்புண் வந்துவிட. வந்ததோ, எலும்பு வரை குடைந்துகொண்டு போகும்.

“ஓணம் பம்பர் சமயத்துல கூட்டம் தாங்காதுங்க சார். சில்லற குடுக்கற மும்முரத்துல இடுப்பத் தூக்கறத மறந்துபோட்டனுங்க. அப்பறம் மூணு மாசம் குப்புறப் படுத்துக் கெடந்தனுங்க” என்றார்.

மனம் ஒன்றிச் செய்கிற வேலையே ஒருவருக்கு அபாயமாகிவிடுகிற இந்த நிலைமையை, வேலை தேடித் தருகிறேன் என்று புறப்படுகிறவர்களில் எத்தனை பேர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்? இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில வருஷங்களுக்குள் இறந்து போனார்கள். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்கிற வைத்தியர், நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து அவர்களைப் பிழைக்க வைத்ததோடு நில்லாமல், தச்சு வேலைக்கும் கடிகாரம் பழுது பார்ப்பதற்கும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பட்டறை வைத்தார். உயிர் மிஞ்சினால் அடுத்த கேள்வி ஜீவனம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தொடக்கத்தில் சொன்ன கை ரணசிகிச்சைக்காக இனி வேலூருக்கு வரலாம்.

கொச்சியில் 1925-இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் படித்து, ஸ்திரீகளுக்கான வைத்தியத்தில் தேர்ச்சி பெற வேண்டுமென்று முனைந்திருந்த மேரி வர்கீஸ், 1954-இல் சக வைத்தியர்களுடன் போன வண்டி கவிழ்ந்து, முகத்தில் பெருங்காயமும் முதுகெலும்பில் முறிவும் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாதவரானார். அவருடைய கல்லூரியிலேயே அவருக்கு எல்லா சிகிச்சையும் கிடைத்தது. ஆனால் என்ன வேலை கொடுப்பது? பிரசவம் பார்க்க நிற்க வேண்டும், வயிற்றைத் திறக்க நிற்க வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், வகுப்பெடுக்கலாம் என்பவையே எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியவை. வேலூரின் லாட்டரிச் சீட்டு என்று அவற்றைச் சொல்லலாம்.

அங்கே பால் பிராண்ட் இருந்தார். இவரைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுதப் போகிறேன், ஆசிரியர் பொறுத்துக்கொள்வாராக. 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர் அவர். வைத்தியம் படிப்பதற்கு முன்பே லண்டனில் சில வருஷங்கள் தச்சும் கொத்தும் கற்றவர். 1946-இல் வேலூருக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை, முன்கையில் உயிரோடிருக்கும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மறுபடி திறந்து மூடும்படி செய்தார். அப்படித் திருத்திய கைகளோடு வெளியே போனவர்களுக்கும் யாரும் வேலை கொடுக்கவில்லை என்று கண்டதும், அவர்களுக்காக ஏற்படுத்திய ‘நவஜீவன நிலைய’த்தில் தாம் கற்ற தச்சு வேலையைத் தாமே கற்றுக் கொடுக்கலானார். குஷ்டரோகியின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. பட்டறையில் அவர்கள் ஆணி அடிப்பதையும் பூட்டுத் திறப்பதையும் பக்கத்திலிருந்து கவனித்த பிராண்ட், வலி தெரியாத காரணத்தால் அவர்கள் தம் விரல்களைத் தாமே காயப்படுத்திக் கொள்கிறார்கள், அந்தக் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதைக் கண்டுபிடித்தார். அதன் பின் உளியின் பிடியையும் ரம்பத்தின் பிடியையும் மாற்றினார். எருத்தேன்பதிக்காரர் இருக்கையிலிருந்து எழும்பி இறங்குவதற்கும், வேலூர்ப் பட்டறையில் ஒரு பிடி பருத்துப் போனதற்கும் காரணம் ஒன்றே.

இந்த மனிதர்தான் மேரி வர்கீஸிடம், கை ரணசிகிச்சையை உட்கார்ந்துதானே செய்கிறோம், நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்ற யோசனையைச் சொன்னவர். சொல்லிப் பார்த்தால் எவ்வளவு எளிது! ஆனால் அந்த வேலையை அணு அணுவாக அறிந்தவனுக்கன்றி வேறு யாருக்கும் அது தோன்றாது. நோயாளியின் கை மேஜைமேல் நீட்டப்பட்டிருக்கிறது. வைத்தியரின் முழங்கை நடுங்காமலிருக்க ஊன்றிக்கொள்ள இடம் வேண்டும். கண் நெருங்க வேண்டும். கால்களுக்கு அங்கே ஒரு ஜோலியும் இல்லை. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளைத் திருத்தினார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தம் சரீரத்தைப் பழக்கிக்கொண்டு, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பி, 1963-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை ஏற்று நடத்தினார். 1966-இல் உள்நோயாளிகள் தங்கும் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார். பட்டங்களையும் தேதிகளையும் இவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டதற்குக் காரணம், என் மனம் இன்னும் அந்த மேஜையையும் முழங்கையையும் விட்டு வரவில்லை என்பதுதான்.

ஏனென்றால் நம் பக்கத்தில் வேலை தேடுகிற முறையே தலைகீழாக இருக்கிறது. உடம்பில் எது போயிற்று என்று முதலில் ஜாபிதா எழுதுகிறார்கள். மிச்சமுள்ளதற்கு ஏற்ற வேலை எதுவென்று அப்புறம் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் குடை கட்டுவதும் சீட்டு விற்பதுமே அகப்படும். கேரளத்துச் சாந்துவன (நோவு தணிக்கும்) சிகிச்சைக்காரர்கள், வீடு வீடாகச் சென்று இப்படிப்பட்டவர்களைப் பராமரிப்பதில் இந்தியாவுக்கே வழிகாட்டியவர்கள், பலருக்குக் குடை கட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை, மழைக்காலத்தில் அந்தக் குடைகளுக்கு நல்ல கிராக்கியும் உண்டு. ஆனால் இருபது வருஷம் ஒரு தொழில் செய்தவனிடம் போய், அந்தத் தொழிலில் உட்கார்ந்து செய்கிற பாகம் எது என்று யாராவது கேட்டார்களா?

நான் கேட்டேன். அவர் சிரித்தார். “மரத்து மேல ஏது சார் நாற்காலி?” என்றார். பிறகு யோசித்தார். மரத்தில் தேங்காய் மட்டைகளைக் கயிற்றால் கட்டிப் படியாக்கி ஏறுவது, வெடிக்காத பாளையை இறுகக் கட்டுவது, தினமும் தட்டுவது, நுனியைச் சீவுவது, கலயத்தை இறக்குவது என்று விரல் மடக்கிக்கொண்டே வந்து, இவை எல்லாம் மேலே நடக்கிறவை என்றார். உள்ளே போய் வந்த அவருடைய அக்காள் மகன் கையில் ஒரு பாளையும் தட்டுகிற கட்டையும் இருந்தன. அவர் மடியில் நாலாக மடித்த சாக்கை விரித்து (உணர்வில்லாத தொடைமேல் எதையும் நேராக வைப்பதில்லை) பாளையைக் கிடத்தி, மேலிருந்து கீழாக, பலமில்லாமல், இடம் விடாமல் தட்டிக் காண்பித்தார். பையன் வாங்கித் தட்டினான். “அப்பிடி இல்லடா. உள்ள பூவு நசுங்கோணும், தோலு கிழியக் கூடாது. காத வெச்சுக் கேளு” என்றார். என் காதுக்கு இரண்டு சத்தமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பையனுக்கு மூன்றாவது தடவையில் வித்தியாசம் பிடிபட்டது. தட்டு சரியாக விழாத பாளை ஊறாது, ஊறாத மரத்தில் ஏறுவது வீண், வீணாக ஏறுகிற ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு இன்னொரு சந்தர்ப்பம் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார்.

ஆக, கள்ளுத் தொழிலிலும் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது, அது கற்பிப்பது. கத்தி தீட்டுவது, மரம் தேர்ந்தெடுப்பது, இறங்கிய கள்ளை அளந்து கணக்கு வைப்பது ஆகியவையும் உண்டு. இறங்குகிற கள்ளின் அளவைப் பார்த்துக் கூலி கொடுக்கிற இந்தத் தொழிலில், கீழே உட்கார்ந்திருக்கும் உபாத்தியாயருக்கு யார் கூலி கொடுப்பது என்பதுதான் முடிச்சு. மரமேற ஆள் கிடைக்கவில்லை என்று தோப்புக்காரர்கள் எல்லாரும் புலம்புகிற காலத்தில், புதியவர்களைத் தயார் செய்யத் தெரிந்த ஒருவர் திண்ணையில் சும்மா இருக்கிறார். தோப்புக்காரர்களில் ஒருவரிடம் இதைப் பிரஸ்தாபித்தபோது, “பாவம், அவருக்கு லாட்டரி ஏதாச்சும் பாத்துக் குடுக்கலாமுங்க” என்றே பதில் வந்தது.

சதவீதக் கணக்குக்கு இனி இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். 1968-இல் ஒரிஸாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். கை ஒன்றுதானே போயிற்று, முழு ஊனம் என்று எப்படிச் சொல்லலாம் என்று முதலாளி வாதாடினார். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமோ, விபத்து நேர்ந்த சமயத்தில் அவன் எந்தெந்த வேலை செய்யக்கூடியவனாக இருந்தானோ அவை அனைத்தையும் செய்ய இயலாமற் போவதே முழு ஊனம் என்றது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆஸ்பத்திரி எழுதுகிற சதவீதம் வேறு, தொழில் எழுதுகிற சதவீதம் வேறு என்கிற இந்த விசித்திரமும், 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 40 சதவீத வரம்பும் அடுத்த வாரம். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்தெலும்பு முறிந்த பின் ஆய்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவிய ராமகிருஷ்ணனைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கும் வாசகர்கள் அதற்கும் அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டும். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதற்குள் அதில் எழுதியிருக்கும் எண்ணையும், அதன் பக்கத்தில் தொழில் என்று எதையாவது எழுதியிருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை பார்த்து வைக்கட்டும்.

(தொடரும்)